மெல்லாமல் முழுதாக விழுங்கவும்

பிப்ரவரி 4

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நான் போன மாதம் எழுதின கடிதம் சிவப்பு மையோடு திரும்பி வந்து சேர்ந்தது. பக்கம் முழுக்க வட்டம் வட்டமாகப் போட்டிருக்கிறீர்கள். அடியில் 'கையெழுத்து திருந்த வேண்டும்' என்று வேறு. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு மார்க் போட்டு என்ன சாதிக்கப் போகிறீர்கள்? அந்தக் கடிதத்தில் நான் கேட்டது, உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று. அதற்கு ஒரு வரி பதில் இல்லை. அத்தனை வட்டம் போட்ட கை நன்றாகத்தான் இருக்கும் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் நீங்கள் எதிராளியை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டீர்கள். கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் ஸ்டாம்பு வாங்குகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பேத்தி செய்த கேப்ஸ்யூல் ஆஸ்பத்திரி வாசல் ஏறிவிட்டது. உங்களுக்கும் பேத்திதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் மகளும் உங்கள் மகனும் மாற்றல் மாற்றல் என்று ஊர் ஊராக அலைந்தபோது அவளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினது நான். இன்றைக்கும் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவது என் வீட்டு வாசலில். நீங்கள் போன தடவை வந்தபோது யாரிடமோ 'மாத்திரைக் கம்பெனியில் ஏதோ வேலை' என்றீர்கள். அட்டைப்பெட்டி ஒட்டுகிறவளைச் சொல்கிற மாதிரி. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் அவள் என்ன செய்கிறாள் என்று சொல்லித் தருகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும்தான் சொல்லித் தர வேண்டும் என்று சட்டம் இல்லை.

கிருமிக்குக் கொடுக்கிற மருந்தை மூன்று வேளை போட வேண்டியிருக்கிறது. ஜனங்கள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். மிச்சக் கிருமி உள்ளேயே உட்கார்ந்து அந்த மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. அப்புறம் வாளியில் கரைத்து ஊற்றினாலும் அசையாது. சிட்டு செய்திருப்பது ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. (சிட்டு என்பது நான் கூப்பிடும் பெயர். நீங்கள் அவளைச் சான்றிதழில் இருக்கிற பெயரால்தான் கூப்பிடுவீர்கள்.) கேப்ஸ்யூலுக்குள்ளே கடுகு போல உருண்டைகள். இயந்திரத்தில் கீழிருந்து காற்றை ஊதி அவற்றைப் பறக்கவிட்டு, பறக்கும்போதே மேலே தோல் மாதிரி ஒரு பூச்சைத் தெளிக்கிறார்கள். சிலதுக்கு மெல்லிய தோல், சிலதுக்குத் தடித்த தோல். மெல்லியது முதலில் கரையும். தடித்தது அவசரப்படாது. நாள் முழுக்க மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் என்னையும் கூட்டிப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்துக் காட்டினாள். உடம்புச் சூட்டில் தண்ணீர் வைத்த குடுவைகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு துடுப்பு, வயிறு கடைவது போல மெதுவாகச் சுற்றுகிறது. மருந்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அவ்வப்போது ஒரு துளி எடுத்துப் பார்த்துக்கொண்டு, அடைகாக்கிற கோழி மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தோல் சரியாக அமையவே மூன்று வருஷம் ஆயிற்று. ஒரு தடவை உருண்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள்.

இப்போது நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். தேறிவிட்டால் ஊரெல்லாம் என் பேத்தி மருந்து.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்தவள், பேத்தியை வளர்த்தவள்


பிப்ரவரி 12

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மடல் கண்டேன். பிழைகளைச் சுட்டுவது என் இயல்பு. அதை அவமதிப்பு என்று கொள்வது தங்கள் இயல்பு. இருவருமே இனி மாறப்போவதில்லை.

எனக்குச் சில நாட்களாகச் சிறுநீர்த் தொற்று. இங்குள்ள மருத்துவமனைக்குச் சென்றேன். பொறுப்பு மருத்துவர் என் பழைய மாணவன். எட்டாம் வகுப்பில் வினாவைப் பாதி படித்துவிட்டு விடை எழுதத் தொடங்குவான். 'அரைக்கேள்வி' என்று நான் வைத்த பெயர் அவன் பள்ளியை விட்டுப் போகும்வரை ஒட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சின் மீது அவன் நின்ற நேரம் உட்கார்ந்த நேரத்தைவிட அதிகம். இன்றும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான்.

புதிய மருந்து ஒன்றின் சோதனைக்கு நோயாளிகளைச் சேர்ப்பதாக அவன் சொன்னான். விசாரித்தேன். நம் பேத்தியின் கேப்ஸ்யூல். உடனே கையெழுத்திட்டேன். அவள் என் பேத்தி என்பதைச் சொல்லவில்லை. உறவினர் என்றால் சேர்க்கமாட்டார்கள். அவளிடமும் தாங்கள் சொல்ல வேண்டாம். அவளுக்கு நோயாளியின் எண் மட்டுமே போகும், பெயர் போகாது. குணமான பிறகு நானே சொல்லி வியப்பில் ஆழ்த்துவேன். ஆக, அவள் மருந்தை நம் குடும்பத்தில் முதலில் உட்கொண்ட பெருமை வளர்த்தவருக்குக் கிடைக்கவில்லை.

ஒரு குறை. மருந்து கடும் கசப்பு. தேன் விட்டும் நாவில் நிற்கிறது. மூன்றாண்டு உழைத்தவர்கள் சுவையையும் கவனித்திருக்கலாம்.

தங்கள் கடிதத்தைத் திருத்தி இணைத்துள்ளேன். சற்று முன்னேற்றம் தெரிகிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
தங்கள் சம்பந்தி


பிப்ரவரி 24

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அவர்களுக்கு,

உங்கள் மகன் போன் பண்ணினார். வாந்தி நிற்காமல் நீங்கள் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போது வீடு திரும்பிவிட்டீர்கள் என்றார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் சொன்னீர்களாம். சிட்டு பயப்படுவாள், அவளிடம் மூச்சு விட வேண்டாம் என்றும் சொன்னீர்களாம். பிழைத்தீர்கள், சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். இந்த வரிக்கு வட்டம் போட வேண்டாம்.

இப்போது என் வீட்டுக் கதை. அந்தப் போனுக்கு முந்தின நாள் சிட்டு வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டி, யாரோ ஒரு வயசான அம்மாவை நான் கொல்லப் பார்த்துட்டேன்" என்றாள்.

நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து அந்த அம்மாவின் ரத்தத்தில் ஒரேயடியாக ஏறியிருக்கிறதாம். தோல் வயிற்றுக்குள் கிழிந்துபோகிறது, இவள் செய்த பூச்சு சரியில்லை என்று கம்பெனியில் பேசுகிறார்கள். எல்லா ஊரிலும் சோதனையை நிறுத்திவிட்டார்கள். மார்ச் பத்தாம் தேதி பெரியவர்கள் கூடி, இதை மூட்டை கட்டிப் பரணில் போடுவதா என்று முடிவு செய்வார்கள். மூட்டை கட்டினால் சிட்டுவுக்கு இருமல் டானிக் பாட்டிலுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவள் மறுபடியும் மறுபடியும் குடுவைகளை ஓட்டிப் பார்க்கிறாள். எல்லாவற்றிலும் சரியாகத்தான் கரைகிறது. எங்கே தப்பு என்று தெரியாமல் பிள்ளை உருகிக்கொண்டிருக்கிறாள்.

நோயாளியின் வயசைச் சொன்னாள். உங்கள் வயசு. மறுநாள் உங்கள் மகன் போன்.

எனக்கு உங்கள் கடிதத்தில் இருந்த கசப்பு ஞாபகம் வந்தது. கேப்ஸ்யூலை அப்படியே விழுங்கினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். நாக்குக்குக் கசப்பு எங்கிருந்து வரும்? தேனுக்கு அங்கே என்ன வேலை?

என் மகளின் பிரசவத்துக்கு வந்து நீங்கள் என் வீட்டில் தங்கின மாதங்களை நான் மறக்கவில்லை. எந்தக் கேப்ஸ்யூலாக இருந்தாலும் இரண்டாகத் திருகுவீர்கள். உள்ளே இருப்பதைக் கரண்டியில் கொட்டி, தேன் விட்டு, இன்னொரு கரண்டியின் முதுகால் நறநறவென்று நசுக்கி, சூடான பாலை மேலே குடிப்பீர்கள். கேட்டால், முழுசாகப் போட்டால் தொண்டையில் நிற்கும் என்பீர்கள். வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி வருஷக்கணக்காகக் கத்தின தொண்டையில் ஒரு கேப்ஸ்யூல் நிற்குமாம்.

என் பேத்தி கடுகு கடுகாகத் தோல் போர்த்தினாள். நீங்கள் கரண்டி முதுகால் உரித்துவிட்டீர்கள். ஒரு நாள் மருந்து ஒரு வாயில் போனால் யானையும்தான் விழும். பெட்டி மேலே 'மெல்லாமல் முழுதாக விழுங்கவும்' என்று அச்சடித்திருக்கிறதாம். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

டாக்டர் உங்களிடம் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருப்பாரே. என்ன சொன்னீர்கள்? அதை எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பெண்ணைக் கொடுத்தவள்


மார்ச் 1

சம்பந்திக்கு,

தங்கள் தொனி சம்பந்திக்குரியதாக இல்லை. எனக்கு இன்னும் எழுந்து நடந்தால் தலை சுற்றுகிறது.

கேட்டதற்குப் பதில். நான் கண் விழித்தபோது அரைக்கேள்வி படுக்கையருகே நின்றான். சுற்றிலும் செவிலியர், இரண்டு இளம் மருத்துவர்கள். "சொன்னபடிதானே சாப்பிட்டீங்க டீச்சர்?" என்றான். "நான் சொன்னபடி கேக்காதவளாடா?" என்றேன். அவன் மறுமுறை கேட்கவில்லை. கேட்க அஞ்சினான் என்பதும் எனக்குத் தெரியும்.

என் வாழ்நாள் முழுவதும் கேப்ஸ்யூலை அப்படித்தான் உட்கொண்டேன். ஒன்றும் நேர்ந்ததில்லை. ஒரு கரண்டிக்குத் தாங்காத மருந்தை நோயாளிக்குக் கொடுப்பது யார் பிழை?

இவ்வளவு அக்கறை உள்ளவர் பேத்தியிடம் தாங்களே சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை


மார்ச் 4

தலைமையாசிரியை அவர்களுக்கு,

ஓய்வு பெற்றும் பட்டத்தை விடவில்லை. அடியில் போடுகிற சம்பந்தி என்கிற சொல்லை மட்டும் இந்தத் தடவை விட்டுவிட்டீர்கள். பார்த்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். யோசித்துப் பாருங்கள். சிட்டு அந்தப் பெரியவர்கள் முன்னால் போய், 'அந்த நோயாளி என் சொந்தப் பாட்டி, அவங்க நசுக்கிச் சாப்பிட்டுட்டாங்க' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மருந்தைக் காப்பாற்றப் பாட்டியைப் பிடித்துப் பொய் சொல்ல வைக்கிறாள் என்பார்கள். இருக்கிற பேரும் போகும். எங்கள் வாயிலிருந்து வந்தால் அது சமாதானம். உங்கள் வாயிலிருந்து, அவள் கேட்காமல், அவளுக்குத் தெரியாமல் வந்தால்தான் சாட்சி. அதனால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். அவள் ராத்திரிச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. பெஞ்சு மேலே ஏற்றினவன் முன்னால் இப்போது நீங்கள் ஏறி நிற்க வேண்டும். உங்கள் தெருவில் தபால்காரர் முதல் பல் டாக்டர் வரைக்கும் உங்களிடம் படித்தவர்கள். நீங்கள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கூடையில் காய்கறியைவிட வணக்கம்தான் அதிகம் சேரும். அதில் ஒன்று குறைந்துவிடுமே என்று பயம். அந்த ஒரு வணக்கத்துக்காக ஒரு பெண்ணின் மூன்று வருஷத்தைக் குப்பையில் கொட்டலாம் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது? போட்டிருந்தால் பக்கத்தைச் சொல்லுங்கள்.

மருந்து கரண்டிக்குத் தாங்கவில்லை என்று வேறு எழுதுகிறீர்கள். குடையைக் கிழித்துவிட்டு மழை நனைக்கிறது என்பது போல இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. நீங்கள் சோறே இல்லாமல் மறைக்கப் பார்க்கிறீர்கள்.

நான் படிக்காதவள். கட்டிக் காப்பாற்ற எனக்கு ஒரு பட்டமும் இல்லை. தப்பு செய்தால், ஆமாம் செய்தேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அது உங்களுக்கு மலையைத் தூக்குகிற மாதிரி இருப்பதைப் பார்த்தால், ஐந்தாம் வகுப்போடு நிறுத்தின என் அப்பாவுக்குக் கோயில் கட்டலாம் போலிருக்கிறது.

பத்தாம் தேதி கூட்டம். அதற்கு முன்னால் போகிறதானால் போங்கள். இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் எத்தனை பிழை என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அதற்காவது கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படிப்பீர்கள்.

பேத்தியை வளர்த்தவள்


மார்ச் 9

சம்பந்திக்கு,

இன்று காலை மருத்துவமனைக்குச் சென்றேன். தங்கள் கடிதத்தால் சென்றதாக எண்ண வேண்டாம். அது வருவதற்கு முன்பே இரண்டு முறை வாசல் வரை சென்று திரும்பியிருக்கிறேன்.

அரைக்கேள்வி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. நான் உட்காராததால் அவனும் நின்றான். உள்ளே ஒரு செவிலி இருந்தாள். அவளை வெளியே அனுப்பவா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். மற்றவர் முன்னிலையில் பொய் சொன்னேன், அதனால்.

"நான்தான்டா கேள்வியைப் பாதி படிச்சேன்" என்றேன்.

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கரண்டியை, தேனை, பாலை எல்லாம் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தாளை எடுத்து வைத்து, எந்த நாளிலிருந்து அப்படிச் சாப்பிட்டேன், உருண்டைகள் முழுவதும் உடைந்தனவா, பால் எவ்வளவு சூடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டான். ஒரு கேள்வியையும் பாதியில் விடவில்லை.

மருந்தைச் செய்தவள் என் பேத்தி என்பதையும் சொன்னேன். அதை மறைத்ததற்காக என்னைக் கடிந்துகொண்டான். என்னை அவன் கடிந்தது அதுவே முதல் முறை. நன்றாகவே கடிந்தான். என்னைச் சேர்த்ததே செல்லாது என்றும், நடந்ததை நடந்தபடி இன்றே எழுதி அனுப்புவதாகவும் சொன்னான். அவளுக்கும் இன்று தெரிந்துவிடும்.

வெளியே வரும்போது கதவுவரை வந்து வணக்கம் சொன்னான். எண்ணிக்கை குறையவில்லை என்பதைத் தங்கள் தகவலுக்குத் தெரிவிக்கிறேன்.

தங்கள் சம்பந்தி


மார்ச் 15

சம்பந்தியம்மாவுக்கு,

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. மருந்தில் குறை இல்லை, சோதனையைத் தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் கரண்டியாலும் ஒரு லாபம். பெட்டி மேலே இருக்கிற வரியைக் கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் உடைந்த கேப்ஸ்யூல் படம் வரைந்து, அதன் மேல் பெருக்கல் குறி போடப் போகிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக என்று சொல்லிக்கொள்கிறார்கள். யாருக்காக என்று நமக்குத் தெரியும்.

இதெல்லாம் சிட்டு சொல்லி எனக்குத் தெரியவில்லை. அவளோடு வேலை செய்கிற பெண் கடைவீதியில் பார்த்துச் சொன்னாள். சிட்டு எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் எல்லாம் 'என்னைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு ஓடி வந்துவிட்டாள்' என்று பெருமை அடித்திருப்பீர்கள். அது பாதிக் கதை. மீதியை அவள் உங்களிடம் சொன்னாளோ இல்லையோ, நான் சொல்கிறேன்.

விஷயம் தெரிந்த அன்று வீட்டுக்கு வந்ததும், உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். உன் அப்பா போன் பண்ணின அன்றைக்கே என்றேன். மறைக்கவில்லை. நான் என்ன உங்களைப் போலவா?

"அந்த அம்மா பிழைச்சாங்களா இல்லையான்னு தெரியாம நான் தினம் செத்தேன் பாட்டி. அவங்க வீட்டுக்கு வந்தாச்சுன்னு உனக்குத் தெரியும். அதை மட்டுமாவது சொல்லியிருக்கலாமே."

சாட்சி, சமாதானம் என்று உங்களுக்கு எழுதினதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "உனக்கு என் மருந்து பெருசில்ல. அவங்க தலை குனியறதைப் பாக்கணும், அதான்" என்றாள். கூட்டம் முடிந்த மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். பசியில்லை என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என் வீட்டில் சொன்ன முதல் பசியில்லை.

இது என்ன நியாயம்? நசுக்கினது நீங்கள். பொய் சொன்னது நீங்கள். பிள்ளையைத் தரையில் உட்கார வைத்தது நீங்கள். இப்போது உங்களுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்துக்கொண்டு உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பொய்யும் சொல்லாதவள் இங்கே இரண்டு தட்டை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குகிறேன். நாலு நல்ல வார்த்தை சொல்லி ஒரு தடவை டாக்டர் முன்னால் நின்றுவிட்டீர்கள், எல்லாம் கழுவிப் போய்விட்டது. பெரிய மனுஷி ஆகிவிட்டீர்கள். நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது ஒரு குற்றமா?

தப்பு செய்தால் ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அந்த வரிக்கு நீங்கள் வட்டம் போட்டிருந்தால் போட்டது சரி.

கடைசியாக ஒன்று. இதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். அந்த அம்மா பிழைத்துவிட்டாள் என்பதை எனக்குத் தெரிந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்கள் மேல் இருந்த கோபம் அவள் அழுகையைவிட எனக்குப் பெரிதாக இருந்தது. அவள் தலைகாணி உறையைத் துவைத்து மாற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாட்டி


மார்ச் 19

சம்பந்திக்கு,

கடைசிப் பத்தியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முந்தைய பக்கங்களையும் கேட்டாள். மை கலைந்துவிட்டது, படிக்கும்படி இல்லை என்றேன். இது அண்மையில் நான் சொன்ன இன்னொரு பொய். இதை யாரிடமும் போய் ஒப்புக்கொள்வதாக இல்லை.

மாலையில், தலையணை உறை எந்த நிறம் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். நீலமாக இருந்தால் தேவலை என்றாள்.

வரும் சனிக்கிழமை அல்ல, அதற்கடுத்த சனிக்கிழமை காலைப் பேருந்தில் இருவரும் வருகிறோம். எனக்கு இன்னும் சில நாள் மருந்து பாக்கி. பழைய வகை, மூன்று வேளை. முழுதாக விழுங்கப் பழக்குகிறாள். முதல் நாள் இருமி மேசை முழுக்கத் தண்ணீர். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. இப்போது நான்கில் மூன்று முறை இறங்கிவிடுகிறது.

தங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை. பிழைகள் இருந்தன.

தங்கள் சம்பந்தி


மார்ச் 23

சம்பந்தியம்மாவுக்கு,

நீலம்தான் என்று அவளிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஜன்னல் ஓரத்துக் கட்டில். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. இங்கே வந்து என் வீட்டுக் காலண்டரில் பிழை கண்டுபிடிக்க வேண்டாம். அது நான் அச்சடித்தது இல்லை.

தேன் பாட்டிலை ஒளித்து வைத்துவிட்டேன், தேடாதீர்கள். வேளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பேன், அவ்வளவுதான். நீங்கள் விழுங்கி முடிக்கிற வரைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி